மாடு சந்தைக்குப் போவதற்கு முன்பே வர வேண்டும் உதவி
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வறட்சி என்றதும் வெடித்த வயல்தான் நம் கண்முன் வரும். ஆனால் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு ஜோடி மாடும் உள்ள குடும்பத்தில் வயலை இழப்பதற்கு முன்பே தொழுவம் காலியாகிவிடுகிறது. பயிர் பொய்த்தால் அடுத்த மழைக்கு மறுபடி விதைக்கலாம். மாட்டை விற்றுவிட்டால், மழை வந்தாலும் உழ வழியில்லை. தீவனம் இல்லாத காலத்தில் எல்லோரும் ஒரே சந்தைக்கு ஓட்டிப் போகிறார்கள், விலை விழுகிறது. மழை பெய்ததும் எல்லோரும் வாங்க வருகிறார்கள், விலை ஏறுகிறது. இந்த இரண்டு விலைக்கும் நடுவில்தான் சிறு விவசாயி கூலியாக மாறுகிறான்.

நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த மகாராஷ்டிரத்தின் மராத்வாடாவைப் பாருங்கள். பீட், லாத்தூர், இன்று தாராசிவ் என்று பெயர் மாறியுள்ள உஸ்மானாபாத் ஆகிய மாவட்டங்களில் 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் மழை பொய்த்தது. அங்கே மாட்டை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

பீட் மாவட்டத்து ஏழைகள் பலர் தீபாவளியை ஒட்டி வண்டி பூட்டிக்கொண்டு மேற்கே கரும்பு வெட்டப் போகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு ‘கோய்தா’. அந்தக் கணக்கில்தான் முன்பணம். வெட்டிய கரும்பின் தோகை மாட்டுக்குத் தீனி. நம்மைப் போலவே அந்த மாடும் ஊரைவிட்டுப் பிழைக்கப் போகிறது!

ஊரில் தங்கியவர்களுக்கு ‘சாரா சாவணி’ என்னும் தீவன முகாம். மாட்டுக்கு இவ்வளவு என்று அரசு பணம் தர, சங்கங்களும் அமைப்புகளும் அதை நடத்துகின்றன. வீட்டில் ஒருவர் மாட்டோடு மாதக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டும். வெயில் ஏறும் நேரத்தில், 2016 பிப்ரவரியில், இந்த முகாம்களை மூடச் சொல்லி அரசு ஆணையிட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே சில நாட்களில் பின்வாங்கியது. கேட்க ஆள் இருந்தால்தான் முகாம் இருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கிழட்டு எருதை விற்று இளம் மாட்டுக்குத் தீனி வாங்குவது பழைய வழி. 2015 மார்ச்சில் எருது, காளை வெட்டுவதற்கும் இந்த மாநிலத்தில் தடை வந்தது. அந்த வழியும் குறுகிப் போயிற்று.

தண்ணீர்க் கணக்கையும் சொல்ல வேண்டும். 2016 ஏப்ரல் 12-ஆம் தேதி மிரஜிலிருந்து சுமார் 340 கிலோமீட்டர் கடந்து முதல் தண்ணீர் ரயில் லாத்தூர் வந்தது. 10 வாகன்களில் சுமார் 5 லட்சம் லிட்டர். ரயில்வேயில் வேலை செய்யும் நமக்கு அது பெருமைதான். ஆனால் வெயில் காலத்தில் வளர்ந்த மாடு ஒன்றுக்கு நாளைக்கு 50 லிட்டர் வேண்டும். அந்த ரயில் முழுவதையும் கொடுத்தாலும் பத்தாயிரம் மாடுகளுக்கு ஒரே ஒரு நாள் தாகம் தீரும். அவ்வளவுதான்!

நம் ஊர்க் கதையும் வேறல்ல. தமிழ்நாட்டில் 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது 2017 ஜனவரி 10-ஆம் தேதி. மழைக்காலமே முடிந்துவிட்டது. அறிவிப்பு வரும்வரை மாட்டின் வயிறு காத்திருக்குமா?

ஆகவே, ஊருக்குப் பணம் அனுப்பும் நாம் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். ஐப்பசி மழை தவறினால், கார்த்திகையிலேயே வைக்கோலுக்குப் பணம் அனுப்புவோம். சித்திரையில் அனுப்பும் பணத்துக்கு அதில் பாதி வைக்கோல்கூடக் கிடைக்காமல் போகலாம். எல்லாவற்றையும் காக்க முடியாவிட்டால், சினைப் பசுவையும் கிடாரியையும் விற்க வேண்டாம் என்று சொல்லுவோம். தண்ணீரின்றி வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் மாட்டை மேயவிட வேண்டாம் என்றும் சொல்லுவோம். அதில் நஞ்சு ஏறியிருக்கும், மேய்ந்த மாடு சிறிது நேரத்தில் செத்துவிடும்.

ஆனால் நம் சம்பளத்தால் மட்டும் தொழுவங்களைக் காக்க முடியாது. மழை தவறியது தெரிந்தவுடனே தீவனக் கிடங்கு திறக்க வேண்டும், முகாமைக் கோடை முடியும்வரை நடத்த வேண்டும், மாட்டுக்கும் சேர்த்தே தண்ணீர்க் கணக்குப் போட வேண்டும். இவற்றை மராத்தி விவசாயிக்காக இங்கேயும், நம் உறவினருக்காக அங்கேயும் ஒரே குரலில் கேட்போம். நம் சாலில் பக்கத்து அறையில் இருக்கும் பீட் மாவட்டத்துக்காரரும் ஒரு நாள் மாட்டை விற்றுவிட்டு ரயிலேறியவராக இருக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைத்து வாருங்கள்.