காப்புக் களையும் நாள்

உறவுகள் நிலையற்றவை என்பது பட்டம் பெறும் இளைஞர்க்குப் புதிய செய்தி அன்று. ஒரே பந்தியில் உண்டு ஒரே அறையில் உறங்கியவர்கள் நாளை திசைக்கொருவராகப் பிரிவார்கள் என்பதை அவர்கள் இவ்வாரம் முழுதும் உணர்ந்தே இருப்பர். எண்ண வேண்டியது, முடியவிருக்கும் உறவை எப்படி முடிப்பது, அதன்பின் வரும் தனிமையில் எப்படி வாழ்வது என்பதே ஆகும்.

முடியும் என்று அறிந்தே கூடி வாழும் உறவு ஒன்று உண்டு. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில், கொடியேறிய பின் பக்தர்கள் வலக்கையில் காப்பு, அதாவது நோன்புக் கயிறு, கட்டிக்கொண்டு, காளியாகவும் குறவனாகவும் குரங்காகவும் வேடம் புனைந்து, வீடு வீடாகக் காணிக்கை பெற்று, தத்தம் தசராக் குழுவினரோடு ஒரு குடும்பமாகவே வாழ்கின்றனர். பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் முடிந்து, மறுநாள் காப்புக் களைந்ததும் அக்குடும்பம் கலைந்துவிடுகிறது. கலையப்போவதுதானே என்று எவரும் நோன்பில் குறை வைப்பதில்லை; காளி வேடம் கட்டுவோர் பல வாரங்கள் முன்பிருந்தே கடும் விரதம் காக்கின்றனர்.

பிரிவுக்குப் பின் வரும் தனிமைக்கும் ஒரு சான்று உண்டு. இக்கடற்கரையிலேயே சற்றுத் தெற்கே உள்ள மணப்பாட்டில், 1542-இல் இப்பகுதிக்கு வந்த புனித சவேரியார் தங்கித் தவம் செய்ததாக ஊரார் போற்றும் குகை கடலை நோக்கி இருக்கிறது. அவரைத் துறவியாகவே பலரும் அறிவர். பாரிஸில் படித்த கல்லூரி மாணவராக நினைப்பவர் குறைவு. பீட்டர் ஃபேபரும், பின்னர் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரும் அங்கு அவருடைய அறைத்தோழர்கள். 1540-இல் ரோமை விட்டுப் புறப்பட்ட சவேரியார் இஞ்ஞாசியாரை மறுபடி காணவே இல்லை. கடிதம் ஒன்று வந்து சேரவே ஆண்டுகள் கழிந்த காலத்தில், 1546-இல் மலுக்குத் தீவுகளில் இருந்தபோது, தோழர்கள் எழுதிய கடிதங்களில் அவரவர் கையாலேயே இட்டிருந்த பெயர்களை மட்டும் கத்தரித்தெடுத்து எப்போதும் தம்முடன் வைத்திருப்பதாக அவர் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபேபர் ரோமில் இறந்துபோனார்.

அந்தச் சிறு காகிதத் துண்டுகள், தனித்திருப்பதும் கைவிடப்பட்டிருப்பதும் வேறுவேறு என்பதைக் காட்டுகின்றன. தோழமையைத் தன்னுள் ஏற்று முதிர்ந்தவனுக்குத் தனிமை பணி செய்யும் இடமாகிறது. உடனிருந்த நாளில் தோழரை முழுமையாகக் காணாதவனுக்கோ, கைபேசியில் ஆயிரம் எண்கள் இருந்தும் அத்தனிமை வெறுமையாகவே எஞ்சுகிறது. ஆகவே தனித்திருக்கும் ஆற்றல் கூடியிருக்கும் காலத்திலேயே விளைகிறது எனக் கொள்வதே பொருந்தும். 1552 டிசம்பரில் சீனக் கரையை ஒட்டிய சாங்சுவான் தீவில், பழைய தோழர் எவரும் அருகில் இல்லாமல் சவேரியார் இறந்தார். அவ்வாழ்வைத் தோற்றது என்று கூற எவர்க்கும் மனம் வராது.

எல்லாப் பிரிவும் இவ்வாறு அமைவதில்லை என்பதும் உண்மை. மனக்கசப்போடு அறுந்த நட்புகளும், சொல்லாமலே தேய்ந்த நட்புகளும் இவ்வவையில் அமர்ந்திருப்போரிடையே இருக்கும். அவற்றுள் சீர்செய்யக்கூடியவற்றுக்கு இன்னும் ஒரு மாலைப்பொழுது எஞ்சியுள்ளது. பட்டம் பெற்றோர் அனைவரும் விடுதி அறைச் சாவியை ஒப்படைக்கும் முன், பேசாதிருந்த தோழரிடம் ஒரு சொல் பேசி, இத்தனை ஆண்டுகள் உணவு பரிமாறியவரையும் இரவுக் காவலரையும் தேடிச் சென்று பெயர் சொல்லி அழைத்து விடைபெறுவார்களாக.