பதினைந்து வயதில் ஒரு தீர்மானம்

(கல்வியியல் கல்லூரி ஒன்றின் பட்டமளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பட்டமளிப்பு விழாவில் பேச வருகிறவர் பட்டம் பெறுவோரின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது சம்பிரதாயம். நான் அதிலிருந்து சற்று விலகி, இன்னும் சில மாதங்களில், ஆசிரியராகும் உங்கள் முன்னால் பெஞ்சுகளில் அமரப்போகிற பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச உத்தேசித்திருக்கிறேன். உங்கள் எதிர்காலத்தை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. அவர்களுடையதைத்தான் யாரேனும் கூட இருந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

பத்தாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளிவந்ததும் நம் மேல்நிலைப் பள்ளிகளில் தலைமையாசிரியர் அறையில் நடக்கும் காரியத்தை, மாணவர்களாக இருந்தபோது நீங்கள் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். இனி அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கப்போகிறீர்கள். மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு தகப்பனாரோ தாயாரோ முன்னால் நிற்க, பிள்ளை பின்னால் நிற்க, மிகுந்த மதிப்பெண் பெற்றவனுக்கு ‘ஃபர்ஸ்ட் குரூப்’, அடுத்தவனுக்குக் கணினி அறிவியல், அதற்கும் அடுத்தவனுக்கு வணிகவியல், எஞ்சியவனுக்கு ‘வொகேஷனல் குரூப்’ என்று, ரேஷன் கடையில் இருப்பு உள்ளவரை அளந்து போடுவது போல, படிப்பு அளந்து போடப்படுகிறது. பிள்ளையின் நாட்டம் எதில், அவன் கை எந்த வேலைக்கு வாகானது, இன்று எடுக்கும் பிரிவு நாளை எந்தக் கல்லூரியில் செல்லும், எந்தத் தொழிற்சாலையில் செல்லும் என்ற விசாரணைக்கு அங்கே அவகாசம் இல்லை. தலைமையாசிரியரைக் குறை கூறுவது நியாயமன்று. வாசலுக்கு வெளியே வரிசை நீண்டிருக்கிறது. ஆனால் ஒரு ஜீவனின் நாற்பது வருஷ உழைப்பு எந்தத் திசையில் போகவேண்டும் என்பதற்கான ஆரம்பத் தீர்மானம் அந்தச் சில நிமிஷங்களில் ஆகிவிடுகிறது என்பதை நாம் மறக்கக்கூடாது.

இது நேற்று முளைத்த குறை அல்ல. 1882-ஆம் ஆண்டில் ஹண்டர் தலைமையில் அமைந்த கல்விக் கமிஷன், உயர்நிலைப் பள்ளிகளில் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சைக்கு இட்டுச் செல்லும் ஒரு பாதையும், வர்த்தகம் முதலான நடைமுறைத் துறைகளுக்கு இட்டுச் செல்லும் மற்றொரு பாதையும் வேண்டும் என்று அபிப்பிராயப்பட்டது. இரண்டாவது பாதையில் நடக்க ஆள் சேரவில்லை. சர்க்கார் உத்தியோகமும் சமூக கௌரவமும் முதல் பாதையின் முடிவில் இருக்கையில், புத்தியுள்ள தகப்பன் எவன் தன் மகனை மற்றதில் அனுப்புவான்? அவனுடைய விவேகத்தைக் கமிஷனின் அங்கத்தினர்கள் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள் என்பதே என் எண்ணம்.

சுதந்திரத்திற்குப் பின், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராக வீற்றிருந்த டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரின் தலைமையில் 1952-53-இல் கூடிய இடைநிலைக் கல்விக் குழு, பல்நோக்குப் பள்ளிகள் என்ற திட்டத்தை வகுத்தது. மானிட இயல், விஞ்ஞானம், தொழில்நுட்பம், வணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகள் ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டும் என்றது. பிறகு 1964-66-இல் கோத்தாரி கமிஷன் வந்தது. அதன் வழியில் தமிழ்நாடு 1978-இல் மேல்நிலை வகுப்புகளைத் தொடங்கியபோது தொழிற்பிரிவும் கூடவே பிறந்தது. அதே 1978-இல், வேலூரில் பிறந்தவரும், யுனெஸ்கோவில் உயர்ந்த பதவி வகித்தவரும், அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவருமான மால்கம் ஆதிசேஷையா, மேல்நிலைக் கல்வியைத் தொழில்மயமாக்குவது குறித்துத் தேசிய அளவில் ஓர் அறிக்கை அளித்தார். பொதுக்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் இடையே சுவர் எழுப்பாதீர்கள், தொழில் படிக்கிறவனுக்கும் மொழியும் பொது அறிவும் குறையாமல் கிடைக்கட்டும் என்பது அதன் சாரம். இந்தத் துறையில் வெளிவந்த அறிக்கைகளில் நிதானமும் தூரதிருஷ்டியும் மிகுந்தது அதுவே என்று நான் கருதுகிறேன். அதற்குத் தக்கபடி அது குறைவாகவே வாசிக்கப்பட்டது.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் 1990-க்குள்ளும், இருபத்தைந்து பேர் 1995-க்குள்ளும் தொழிற்பிரிவில் சேரவேண்டும் என்று இலக்கு வைத்தது. 1992-இல் அக்கொள்கையைத் திருத்தியபோது பத்தும் இருபத்தைந்தும் அப்படியே இருந்தன. ஆண்டுகள் மட்டும் 1995, 2000 என்று தள்ளிப்போயின. இலக்கை எட்டுவதற்கு அதைவிடச் சுலபமான உபாயம் இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று? பாடத்திட்டம் மோசமானது என்று நான் சொல்லமாட்டேன். மின் இயந்திரங்களும் சாதனங்களும், பொது இயந்திரவியல், கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும், செவிலியம், நெசவுத் தொழில்நுட்பம், வேளாண் செயல்முறைகள் என்று அதில் இருந்தவை எல்லாம் உலகத்திற்குத் தேவையானவையே. ஆனால் பாடத்தை எழுதியவர்கள் ஒரு மேசையிலும், பட்டப்படிப்பில் யாரைச் சேர்ப்பது என்று விதி எழுதியவர்கள் வேறொரு மேசையிலும், வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் இந்த இரண்டு மேசைகளையும் எட்டிப் பாராத தூரத்திலும் இருந்தார்கள். மின்சார மோட்டாரைப் பிரித்துக் கட்டத் தெரிந்த பிள்ளை கல்லூரிக்குப் போனால், அறிவியல் பட்டத்திற்கு வேண்டிய பாடங்களை நீ முழுமையாகப் படிக்கவில்லையே என்றார்கள். தொழிற்சாலைக்குப் போனால், ஐ.டி.ஐ. சான்றிதழ் எங்கே என்றார்கள். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் மேல்நிலைத் தொழிற்பிரிவு மாணவர்களுக்கு இடம் உண்டானதே 1986-இல் வந்த திருத்தத்தினால்தான். அதாவது தமிழ்நாட்டில் பிரிவு தோன்றி எட்டு ஆண்டுகள் கழித்து அதன் பிள்ளைகளுக்குப் பழகுவதற்குச் சட்டபூர்வமான ஓர் இடம் கிடைத்தது. ஒரு படிப்பை அதன் பாடங்களால் அளக்காமல், அதிலிருந்து வெளியேறும் வாயில்களால் அளக்கவேண்டும் என்பது இந்தச் சரித்திரத்திலிருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல்.

தொழிற்கல்வி என்ற பேச்சை எடுத்தவுடன் தமிழ் மக்களின் மனத்தில் எழும் சந்தேகத்தையும் நாம் மதிக்கவேண்டும். 1953-இல் ராஜாஜியின் அரசாங்கம் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் அரைநாள் படித்தால் போதும், மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்ததையும், குலக்கல்வித் திட்டம் என்று அது எதிர்க்கப்பட்டதையும், 1954-இல் காமராஜர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த எதிர்ப்பு வெறும் கட்சி அரசியல் அன்று. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிவாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், உள்ளே நுழைந்த மறுகணமே பழைய தொழிலுக்குத் திருப்பி அனுப்பப்படுவதை எப்படி ஏற்பார்கள்? இன்று கல்வித் திட்டம் வகுக்கிறவர்கள், வட்டாரத் தொழிலோடு பள்ளியை இணைப்போம் என்று உற்சாகமாகச் சொல்லும்போது எனக்கு இந்தப் பழைய ஞாபகம் வருகிறது. திருப்பூரில் பின்னலாடையும், ஆம்பூரில் தோலும், நாகப்பட்டினத்தில் மீனும் கற்பிப்பது நல்லதே. ஆனால் திருப்பூர்ப் பள்ளியில் பின்னலாடையைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால், பனியன் கம்பெனித் தொழிலாளியின் மகள் செவிலியாகவோ சட்டம் படிப்பவளாகவோ ஆசைப்படும்போது நாம் என்ன பதில் சொல்வோம்? குலத்தின் பேரால் செய்ததை ஊரின் பேரால் செய்தோம் என்றுதானே ஆகும்?

ஆகவேதான், தொழிற்பாதையிலிருந்து உயர்கல்விக்குப் போகும் வழி அகலமாக இருப்பதை நான் சலுகையாகக் கருதாமல் அஸ்திவாரமாகக் கருதுகிறேன். தொழிற்கல்விக்குப் பேர்போன ஸ்விட்ஸர்லாந்தில், பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பதினைந்து, பதினாறு வயதில் தொழிற்பயிற்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த நாட்டாரும்கூட, மேலே படிக்க வழியில்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று உணர்ந்து, 1990-களில் தொழில் பயின்றவர்களுக்கென்றே ஒரு நுழைவுத் தகுதியையும், அத்தகுதியுடன் சேரக்கூடிய செயல்முறைப் பல்கலைக்கழகங்களையும் உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் 2011-இல் ஐ.பி.எம். நிறுவனமும் நகரப் பல்கலைக்கழகமும் பள்ளித் துறையும் கூடி ஒரு பள்ளியைத் தொடங்கின. ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளை ஆறு ஆண்டுகளில் பள்ளிச் சான்றிதழோடு கல்லூரியின் இரண்டாண்டுப் பட்டத்தையும் பெற்று வெளிவரலாம் என்பது ஏற்பாடு. பாடம் எழுதுகிறவர்களும், சேர்க்கை விதி எழுதுகிறவர்களும், வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களும் ஒரே அறைக்குள் வந்தார்கள் என்பதே அங்கே விசேஷம். நம் கோயம்புத்தூரிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1926-இல் தோன்றிய பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழிற்கூடத்தையும், பின்னர் பாலிடெக்னிக்கையும், 1951-இல் தொழில்நுட்பக் கல்லூரியையும் அடுத்தடுத்து நிறுவி, விற்பனைக்குப் பம்பும் மோட்டாரும் செய்கிற கூடத்திற்குப் பக்கத்திலேயே மாணவர்களைப் படிக்கவைத்தது.

நம் மாநிலத்தில் வழிகளே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கின்றன, சொல்லுவார்தான் குறைவு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் மேல்நிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டும் பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டும் படிப்பவன் ஆறாம் ஆண்டு முடிவில் பி.ஈ. பட்டம் பெறுகிறான். பத்தாம் வகுப்பு முடித்தவுடன் பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமோ படித்து, பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேருகிறவனும் அதே ஆறாம் ஆண்டில் அதே பட்டத்தைப் பெறுகிறான். நடுவழியில் வீட்டு நிலைமை காரணமாக நிறுத்த நேர்ந்தாலும் அவன் கையில் ஒரு டிப்ளமோ மிஞ்சுகிறது. மேல்நிலையில் தொழிற்பிரிவு படித்தவனோ, ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டுப் பயிற்சி முடித்தவனோ, டிப்ளமோவில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, பின்னர் பி.ஈ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் ஏழு ஆண்டுகள் ஆகும். ஓர் ஆண்டு கூடுதல், ஆனால் ஒவ்வொரு படியிலும் இறங்கி வேலைக்குப் போய், மறுபடி ஏறிக்கொள்ளும் சௌகரியம் அதில் உண்டு. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடும்பத்திற்கு இந்தச் சௌகரியத்தின் விலை என்ன என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பையும் வேலையையும் பற்றி எடுத்துச் சொல்ல முற்படுகிறது. அதே ஆண்டின் புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்த பெண் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாலும் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. பட்டத்திற்கு ஒரு தொகை, தொழிற்பயிற்சிக்கு ஒரு தொகை என்று தரம் பிரிக்காத அந்த ஒரு விதியை நான் பெரிதும் மெச்சுகிறேன்.

எனினும் சர்க்கார் திட்டம் என்பது மேலிருந்து வரும் வசதி; அது பிள்ளையின் பெயரறிந்து பேசுவது உங்கள் வாயிலாகத்தான். ஆகவே உங்களிடம் சில காரியங்களை எதிர்பார்க்கிறேன். நீங்கள் வேலையில் சேரும் பள்ளிக்குப் பக்கத்திலுள்ள பாலிடெக்னிக்கையும் ஐ.டி.ஐ.யையும் கலைக் கல்லூரியையும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். எந்தப் பிரிவு படித்தவரை எந்த ஆண்டில் சேர்ப்பார்கள், கணிதத்தில் எந்த அளவு எதிர்பார்ப்பார்கள் என்பதை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் முதல்வர் மாறும்போது மாறிவிடும். தொழிற்கூட முதலாளி ஒருவரையேனும் அறிந்துகொண்டு, அவர் பிள்ளைகளைப் பார்வையாளராக அல்லாமல் பழகுபவராக ஏற்பாரா, மேற்பார்வைக்கு அனுபவசாலி ஒருவரை நியமிப்பாரா, பாதுகாப்புக்குப் பொறுப்பேற்பாரா என்று விசாரியுங்கள். பழக்கம் என்ற பேரில் பிள்ளைகளைக் கூலியில்லாத ஆட்களாக வைத்துக்கொள்கிறவர்களும் உண்டாதலால், அந்த விசாரணை கூர்மையாகவே இருக்கட்டும். கணித ஆசிரியராகப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: தொழிற்பிரிவு மாணவனுக்குக் கணிதம் ஏறாது என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பின்னாளில் அவன் பொறியியல் கல்லூரியில் தடுமாறுவதும் தேறுவதும் பெரும்பாலும் உங்கள் வகுப்பைப் பொறுத்திருக்கும்.

தொழிற்கல்வி ஆசிரியர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆரம்ப காலத்தில் பகுதிநேரத் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, வருஷக்கணக்கில் காத்திருந்து நிரந்தரமானவர்கள் அவர்களில் பலர். ஒருவர் ஓய்வு பெற்றதும் அவருடைய இடம் நிரப்பப்படாமல், பிரிவே மூடப்பட்டு, லேத்தும் கருவிகளும் துருவேறிக் கிடக்கும் பள்ளிகள் உண்டு. உங்கள் பள்ளியில் அப்படி ஓர் இடம் காலியாக இருந்தால், அதை வருஷாந்தர அறிக்கையில் எழுதவைப்பதும், பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி மேலிடத்துக்கு அனுப்பச் செய்வதும் உங்களால் ஆகிற காரியங்களே. அந்தக் கூட்டத்திற்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்களைத் தவறாமல் வரவழையுங்கள். பத்தாம் வகுப்பு முடிவு வந்த பிறகு அழைத்தால் நேரம் கடந்துவிடும். நான் சொன்ன ஆறாண்டுக் கணக்கையும் ஏழாண்டுக் கணக்கையும் கரும்பலகையில் எழுதிக் காட்டி, அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். முதல் கேள்வி செலவைப் பற்றியதாகவே இருக்கும். அதற்குரிய விவரங்களோடு போங்கள்.