துக்க வீட்டு வாசலில் ஒரு பாட்டு



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கேமரன் மலைத் தோட்டங்களில் குளிர் எலும்புவரை ஏறும். பகலெல்லாம் மழையில் நனைந்து கொழுந்தெடுத்தவர்கள், இரவில் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு கீத பவனிக்குக் கிளம்புவார்கள். ஒருவர் கையில் டோலக், இன்னொருவர் கையில் டார்ச் விளக்கு. லயம் லயமாகப் போய், கிறிஸ்து பிறந்த நற்செய்தியைப் பாடி, கொடுக்கிற தேநீரைக் குடித்துவிட்டு நகர்வோம். இந்து வீட்டார் முறுக்குத் தட்டோடு வாசலில் நிற்பதும் உண்டு. தீபாவளிக்கு அவர்கள் கொடுத்த பலகாரத்துக்குப் பதிலாக நம் வீட்டுக் கேக் போவதும் உண்டு.

கிறிஸ்தவ சந்தோஷம் என்றதும் நமக்கு நினைவு வருவது இந்தக் காட்சிதான். ஆனால் இதில் நாங்கள் செய்துவந்த ஒரு பிழையைச் சொல்லவே இன்று வந்திருக்கிறோம்.

சாவு நிகழ்ந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை இல்லை என்பது நம்முடைய பழைய வழக்கம். ஆகவே அப்படிப்பட்ட வீட்டை நெருங்கும்போது டோலக்கை நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, ஓசையில்லாமல் கடந்து போவோம். அதை மரியாதை என்றே நினைத்திருந்தோம். ஓராண்டு, கணவரைப் பறிகொடுத்த ஓர் அம்மா, மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் எங்களை மறித்தார். "ஏன் தம்பி, எல்லார் வீட்டுக்கும் பிறந்த ஏசு என் வீட்டுக்குப் பிறக்கலையா? கதவைத் திறந்து வைச்சிட்டு உட்கார்ந்திருந்தேனே!" என்றார். எங்களுக்கு வாய் எழவில்லை.

அன்றிரவு வேதத்தைப் புரட்டினோம். பவுல் அப்போஸ்தலர் பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் நான்கே அதிகாரம். சந்தோஷம் என்ற பேச்சு அதில் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதியவரோ விலங்கு பூண்டு காவலில் இருந்தவர்; உயிர் தப்புமா என்பதே நிச்சயமில்லை. பிலிப்பி பட்டணம் இன்றைய கிரேக்க நாட்டின் வடபகுதியில் இருந்தது. முன்னொரு சமயம் அதே ஊரில் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில், நடுராத்திரியில் சீலாவோடு பாடியவர் அவர். மற்றக் கைதிகளும் அந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். விடுதலை கிடைத்த பிறகு பாடிய பாட்டல்ல அது. இத்தனை நாள் இதைப் பள்ளிப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிவந்தோமே தவிர, நாமே கேட்கவில்லை.

பிலிப்பி சபையார் பணக்காரர்களும் அல்லர். மக்கெதோனியா நாட்டுச் சபைகளின் வறுமையைப் பவுலே கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் சொல்லியிருக்கிறார். இருந்தும் எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் அவருக்கு உதவி கொடுத்தனுப்பினார்கள். வந்தவர் நோயில் விழுந்து சாகக் கிடந்தார். செய்தி ஊருக்கு எட்டிவிட்டது. ஊரார் கேள்விப்பட்டார்களே என்று நோயாளி தவித்தார்! நம் தோட்டத்தில் நடக்காத கதையா இது? இங்கே ஒருவரைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், ஆறு வீட்டில் அன்று சோறு இறங்காது. அவர் குணமானதும், ஊரார் கண்டு மகிழட்டும் என்று பவுல் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். சிறையில் தமக்கிருந்த துணையை விட்டுக்கொடுத்து அவர்களுக்குச் சந்தோஷம் அனுப்பினார்.

அடுத்த நாளிரவே அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். பெண்கள் இருவர் முதலில் உள்ளே போய், "பாடட்டுமா அக்கா, சும்மா வந்து உட்காரட்டுமா?" என்று கேட்டார்கள். இப்போதெல்லாம் எந்தத் துக்க வீட்டிலும் இப்படிக் கேட்டுவிட்டுத்தான் பாடுகிறோம். வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்களோடு சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு வருவோம்.

அந்த அம்மா பாடச் சொன்னார். டோலக் இல்லாமல், தணிந்த குரலில் பாடினோம். அவர் அழுதார், பிறகு இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தார். நாங்கள் எழுந்தபோது, ஆணியில் தொங்கிய கணவருடைய கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, அடுத்த லயத்துக்கு எங்களோடு நடந்தார்.