டாக்டர் கேட்காத கேள்வி

(பீளமேட்டில் பஞ்சாலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ் விஷயங்களை எனக்கு முன் பேசியவர்கள் விளக்கிவிட்டார்கள். நான் மூச்சைப் பற்றிப் பேசுகிறேன்.

கார்டிங்கில் வேலை செய்கிற தொழிலாளி ஒருவர் இழுப்போடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். வரிசையில் நெடுநேரம் நிற்கிறார். “ஏனுங்க டாக்டர், நெஞ்சை அடைக்குதுங்க” என்று தொடங்குகிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மருந்துச் சீட்டு தயாராகிவிடுகிறது. “பீடி குடிப்பதுண்டா?” என்ற கேள்வி வருகிறது. “என்ன வேலை செய்கிறாய்?” என்ற கேள்வி மட்டும் வருவதில்லை. மாத்திரையோடு திரும்பி அதே தூசிக்குள் போய் நிற்கிறார். பெண் தொழிலாளியானால், “வீண் பயம், ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒடிஷாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் தோழர்களுக்கோ, நோவைச் சொல்லப் பாஷையே இல்லை.

இந்தக் கேள்வி புதியதல்ல. 1700-ம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் மருத்துவர் கேட்க வேண்டும் என்பது அவருடைய போதனை. சணல் நாரைச் சீவுகிறவர்கள் தூசியால் இருமித் துன்பப்படுவதையும் அவர் குறித்து வைத்தார். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் நம் சீட்டில் அந்தக் கேள்விக்கு இடமில்லை!

பஞ்சுத் தூசியால் வரும் மார்பு நோய்க்குப் பைசினோசிஸ் என்று பெயர். பஞ்சோடு இலைத் துணுக்குகளும், அவற்றில் வளரும் பாக்டீரியாக்களின் நச்சுப் பொருளும் கலந்து வருகின்றன. ப்ளோரூமிலும் கார்டிங்கிலும்தான் தூசி மிகுதி. இந்த நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு. வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஷிப்டு தொடங்கிச் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும். மறுநாள் குறையும். வருஷங்கள் ஓட ஓட, எல்லா நாளும் இறுகும். கடைசியில் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஏற்கனவே ஆஸ்த்மா உள்ளவருக்கு இதே தூசி இழுப்பைக் கிளறிவிடும்.

1950-களில் லங்காஷயர் ஆலைகளில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் தொழிலாளரிடம் என்ன கேட்டார்? வேலைக்குத் திரும்பும் திங்கட்கிழமை நெஞ்சு இறுகுகிறதா என்று கேட்டார். கிடைத்த பதில்களைக் கொண்டே நோயைப் படிப்படியாக வகுத்தார். தொழிலாளியின் வார்த்தையே அங்கு சாட்சியமாயிற்று. அமெரிக்காவில் 1978-ல் நூல் ஆலைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் தூசிக்கு மேல் கூடாதென்று விதி வந்தது. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 1981-ல் கோர்ட்டு அந்த விதியை நிலைநிறுத்தியது. நம் நாட்டிலும், மும்பை ஆலை ஒன்றில் இந்த நோய் இருப்பதை மருத்துவர் முரளிதர் குழுவினர் 1995-ல் வெளியிட்டார்கள்.

ஆகவே, தோழர்களே, நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, உயிர். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, இன்ஹேலர் எடுத்தும் இழுப்பு தணியவில்லை என்றால் வரிசையில் நிற்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, உடனே 108-க்குச் சொல்லுங்கள். ஷிப்டு முடியட்டும் என்று மேஸ்திரி சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, கணக்கு. ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: எந்த நாள், எந்த டிபார்ட்மெண்டு, எத்தனை மணிக்கு நெஞ்சு இறுகியது, லீவு நாளில் எப்படி இருந்தது? எழுதத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது, டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: “பஞ்சாலையில் கார்டிங்கில் இத்தனை வருஷமாக வேலை செய்கிறேன். லீவு முடிந்த முதல் நாள் நெஞ்சு இறுகுகிறது.” வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். தொழிலைச் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் மட்டும் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது. கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இது தர்மம் கேட்பதல்ல. தமிழகத்தில் ஈ.எஸ்.ஐ. திட்டம் 1955-ல் நம் கோவையில்தான் தொடங்கியது. 2019 ஜூலை முதல் கூலியில் நூறு ரூபாய்க்கு 75 காசு நம்மிடம் பிடிக்கிறார்கள். நிர்வாகம் 3 ரூபாய் 25 காசு கட்டுகிறது. பஞ்சுத் தூசி நோய் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் தொழில் நோயாக இடம் பெற்றது. தொழில் நோய் என்று நிரூபணமானால், இயந்திரத்தில் விரல் போனதைப் போலவே அதுவும் வேலையில் நேர்ந்த காயம். அதற்கு நஷ்டஈடு உண்டு. ஆனால் சீட்டில் “இருமல்” என்று மட்டும் இருந்தால் அந்த உரிமையை எதைக் காட்டிக் கேட்பது?

டாக்டர் நமக்கு எதிரி அல்ல. கூட்டத்தின் நெருக்கடியில் அவரும் திணறுகிறார். கூடுதல் டாக்டர்கள் வேண்டும், இந்தி, ஒடியா தெரிந்தவர்கள் வேண்டும் என்பதும் நம் கோரிக்கையே. தூசியை உறிஞ்சும் சாதனம் ஒழுங்காக ஓட வேண்டும். காற்றைப் பீய்ச்சிப் பஞ்சைப் பறக்கவிடுவது நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்போம். நோய் பிறக்கும் இடம் ஆலை; அதை அங்கேயே தடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மூச்சு திணறுகிறவரால் உரக்கப் பேச முடியாது. ஆஸ்பத்திரிக்கு அவரைத் தனியே அனுப்பாதீர்கள். கூட ஒருவர் நோட்டோடு போங்கள். அவர் நிறுத்திய இடத்திலிருந்து நீங்கள் பேசுங்கள். சங்கம் என்பது அதற்குத்தான்!