வாயில் வலிக்காத கட்டி

சார்கொயிடோசிஸ் என்ற நோயில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புக் கலங்கள் ஓரிடத்தில் திரண்டு சின்னஞ்சிறு முடிச்சுகளாக இறுகிவிடுகின்றன. காரணம் இன்னும் பிடிபடவில்லை. 1899இல் நோர்வேயின் தோல் வைத்தியர் சீசர் போக், சார்கோமா என்ற புற்றுநோயின் சாயல் கண்டு இதற்குப் பெயர் வைத்தார். ஆனால் இது புற்றுநோய் அல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதுமில்லை.

பத்தில் ஒன்பது பேருக்கு நுரையீரலும் நெஞ்சின் நிணநீர் முடிச்சுகளுமே பாதிக்கப்படும். வாயில் வருவது அபூர்வம். வந்தால் உதட்டிலோ, கன்னத்தின் உட்புறத்திலோ, நாக்கிலோ, அண்ணத்திலோ கெட்டியான ஓர் உருண்டை தட்டுப்படும். பெரும்பாலும் வலி இராது. அதனாலேயே மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடக்கும். சிலருக்கு முரசு வீங்கி, தாடை எலும்பு அரிக்கப்பட்டு, பல் ஆடும்.

உமிழ்நீர்ச் சுரப்பிகளும் தப்புவதில்லை. காதோரம் இரு பக்கமும் வீங்கும்போது பொன்னுக்கு வீங்கி என்றே தோன்றும். அதுவோ சில நாட்களில் வடியும். இது வாரக்கணக்கில் நிற்கும். வாய் உலர்ந்து, தேத்தண்ணீர் இல்லாமல் ரொட்டி இறங்காது. வீக்கத்தோடு காய்ச்சலும் கண் சிவப்பும் முகம் ஒரு பக்கம் கோணுவதும் சேர்ந்து வருவதை டென்மார்க்கின் கண் வைத்தியர் ஹேர்போர்ட் 1909இல் விவரித்தார்.

இலங்கையின் லுணுகலை, மடூல்சீமைப் பக்கத் தோட்டங்களில் வாயில் கட்டி என்றதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெற்றிலை, பாக்கு, புகையிலையால் வரும் புற்றுநோயைத்தான். அது மிகச் சரி. சார்கொயிடோசிஸைவிட அது எத்தனையோ மடங்கு அதிகம். அடுத்த சந்தேகம் காசநோய். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. காசநோயும் இதே போன்ற முடிச்சுகளையே உண்டாக்கும். நுணுக்குக்காட்டியில் காசநோய் முடிச்சின் நடுப்பகுதி பெரும்பாலும் பாற்கட்டி போல் அழுகியிருக்கும்; சார்கொயிடோசிஸில் அப்படி இராது. அதை மட்டும் நம்பிவிடவும் முடியாது. கிருமி தேடும் சாயப் பரிசோதனை, சளிப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு? சார்கொயிடோசிஸுக்கான ஸ்டீரொயிட் மருந்து நோய் எதிர்ப்பை அடக்குவது. மறைந்திருக்கும் காசநோய்க்கு அதை மட்டும் கொடுத்தால் நோய் மூண்டெழும். மாறாக, சார்கொயிடோசிஸுக்கு ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்தால் நோயாளிக்குக் கிடைப்பது மருந்தின் உபாதை மட்டுமே.

எனவே மரக்கச்செய்து கட்டியிலிருந்து ஒரு துணுக்கு சதை எடுத்துப் பார்க்காமல் முடிவுக்கு வரலாகாது. சதையை வெட்டினால் நோய் பரவும் என்று பயந்து பலர் பின்வாங்குகிறார்கள். அந்தப் பயம் வேண்டியதில்லை. பரிசோதனை தள்ளிப்போவதுதான் ஆபத்து. மூன்று வாரத்துக்கு மேல் மாறாத கட்டியோ புண்ணோ இருந்தால், பசறை வழியாகப் பதுளை வைத்தியசாலைக்குப் போகும் ஒரு நாள் பயணம் வீண் அல்ல.

நோய் உறுதியானாலும் எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. பலருக்கு இரண்டு மூன்று வருடங்களில் தானாகவே தணிந்துவிடும். தனித்த கட்டியைச் சத்திரசிகிச்சையால் அகற்றலாம். ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்குச் சீனி வருத்தம் கூடலாம், வாயில் வெள்ளைப் பூஞ்சை படரலாம். ஆனாலும் மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது. வாயில் கண்டுபிடித்த நோய் கண்ணிலும் இதயத்திலும் சத்தமின்றி இருக்கக்கூடும் என்பதால், கண் பரிசோதனையும் ஈசிஜியும் நெஞ்சு எக்ஸ்ரேயோடு சேர்த்தே செய்யப்படுகின்றன.