இரண்டு தெனாரியம்



நல்ல சமாரியர் உவமையில் (லூக்கா 10:25-37) எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டியது நம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. மறுநாள் நடந்ததை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் இரண்டு தெனாரியத்தை எடுத்துச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுக்கிறார். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறார். ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு நாள் கூலி. அவருடைய இரக்கம் ஒரு நேரத்து உருக்கத்தோடு முடியவில்லை; பணமாகவும் பொறுப்பாகவும் தொடர்ந்தது.

பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள். மறுநாள், மார்பக நோயுற்றோரின் பாதுகாவலியான புனித ஆகத்தாவின் நினைவு நாள். 11ஆம் தேதி, லூர்து அன்னையின் நாளை, உலக நோயாளர் நாளாகத் திருச்சபை கடைப்பிடிக்கிறது. இந்நாள்களில் நம் கொடையைப் பற்றிச் சிந்திப்பது தகும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்தை அவர் தம் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. பலர் தந்த சிறு தொகைகள்தாம் இன்றுவரை எத்தனையோ ஏழைகளுக்குச் சாவடியாக நிற்கின்றன.

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டு ஒரு பணி தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்தார்கள். வினிகரில் உள்ள அமிலத்தைச் சிறிது தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், சந்தேகத்துக்குரிய இடம் வெள்ளையாகத் தெரியும். அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ மருத்துவமனையும் இதில் பங்கேற்றது. இதற்கான நிதி ஓர் அறக்கட்டளையின் கொடை. 2007இல் முடிவு வெளியானது: பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட, இந்நோயால் ஏற்பட்ட இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது.

ஆனால் அங்கே அழைக்கப்பட்ட சுமார் 49,000 பெண்களில் வந்தவர்கள் ஏறத்தாழ 31,000 பேரே. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வரவில்லை. பரிசோதனை இலவசமாக இருந்தாலும் ஒரு நாள் கூலி போகிறது. பேருந்துக் கட்டணம் வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்கம் தடுக்கிறது. நம் ஊர்களிலும் இப்படித்தானே?

மாற்கு நற்செய்தியில் (5:25-34) வரும் பெண்ணை நினைப்போம். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கு. கையிலிருந்ததெல்லாம் வைத்தியத்துக்கே போய்விட்டது. கூட்டத்தில் பின்னால் வந்து, யாரும் அறியாமல் ஆண்டவரின் உடையைத் தொடுகிறார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மகளே என்று அழைத்தார். நம் பங்கிலும் மறைவாக வலியைச் சுமக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது அந்த ஒரு சொல்.

நோய் முற்றிய பிறகு உதவி கேட்டு ஒரு குடும்பம் வந்தால் நாம் மனமிரங்கிக் கொடுக்கிறோம். அது நல்லதே, அதை நிறுத்தவேண்டாம். அதற்கு முன்னரே கொடுக்கவும் கற்றுக்கொள்வோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். ஒவ்வோர் அன்பியமும் 30 வயதைக் கடந்த சகோதரிகளை அன்போடு பேசி, ஒன்றாக அழைத்துச் செல்லட்டும். போகும் செலவையும், இழந்த கூலியையும் நம் தவக்காலக் காணிக்கை ஏற்கட்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோர் பல வாரங்கள், வாரத்தில் ஐந்து நாள், மருத்துவமனைக்குப் போகவேண்டும். அவர்களுடைய தங்கும் செலவையும் உணவையும் நாம் பகிர்ந்துகொள்வோம். யாருக்குக் கொடுத்தோம் என்பது ஊருக்குத் தெரியவேண்டியதில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருப்பதே ஆண்டவர் கற்பித்த முறை.

நோன்பிருந்து மிச்சப்படும் தொகை சிறியதாக இருக்கலாம். சமாரியர் கொடுத்ததும் இரண்டு நாள் கூலிதான். அவர் திரும்பி வருவேன் என்றார். நாமும் ஒருமுறை கொடுத்ததோடு நின்றுவிடாமல், அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவோம். நோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவர் நம் கைகளையும் அதற்குப் பயன்படுத்துவாராக. ஆமென்.