மூடி மேசையில் படக்கூடாது

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவில் பேச அழைத்தவர்கள், "நீரிழிவு, இதயநோய் என்று எங்களுக்குப் பயன்படக்கூடியதாய் ஏதாவது சொல்லுங்கோ" என்றார்கள். நான் விடுதியில் நோயாளரைப் பார்க்கும் வைத்தியர் அல்ல. இரசாயன நோயியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குருதிக் குழாயின் மூடியை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்பதே இன்றைய விடயம்.

உங்கள் கையிலிருந்து எடுக்கும் குருதி ஏறக்குறைய 13 மில்லிமீற்றர் விட்டமும் 75 அல்லது 100 மில்லிமீற்றர் உயரமும் உள்ள சிறிய குழாய்க்குள் செல்கிறது. மூடியின் நிறம் உள்ளே என்ன இரசாயனம் இருக்கிறது என்பதைக் காட்டும். ஊதா மூடி என்றால் குருதி உறையாமல் தடுக்கும் பொற்றாசிய உப்பு. சாம்பல் மூடி குளுக்கோசு அளவிட. சிவப்பு மூடிக் குழாயில் குருதி உறைந்து, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைத்தான் நாம் பரிசோதிக்கிறோம்.

பெரிய ஆய்வுகூடங்களில் மூடி திறக்க இயந்திரங்கள் உண்டு. எங்களிடம் விரல்கள்தான் இருந்தன. தினமும் நூற்றுக்கணக்கான குழாய்கள். ஒருநாள் எங்கள் தொழினுட்பவியலாளர் ஒருவர், "டொக்டர், வீட்டில சீனிப் போத்தல்கூடத் திறக்க ஏலாமல் கிடக்கு" என்று கையை நீட்டினார். பெருவிரலின் அடியில் வீங்கியிருந்தது. வலி மட்டுமல்ல, இன்னொரு ஆபத்தும் உண்டு. மூடியைச் சட்டென்று இழுத்தால் அதன் அடியில் ஒட்டியுள்ள குருதி நுண்துளிகளாகத் தெறிக்கும். ஈரல் அழற்சி 'பி' வைரசு உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது.

நானும், எனக்கு இரண்டு வகுப்புக் கீழே இங்கு படித்துப் பொறியியலாளரான ஒரு தங்கையும் சேர்ந்து, மேசையில் வைக்கக்கூடிய சிறிய கருவி ஒன்றைச் செய்யத் தொடங்கினோம். கேட்க இலகுவான வேலை. குழாயை இறுகப் பிடித்தால் பட்டைக்குறி ஒட்டிய தாள் உரிந்தது. தளரப் பிடித்தால் மூடியோடு குழாயும் சுழன்றது. மூன்று பக்கமும் இறப்பர் வைத்து, அடிப்பகுதியில் பிடிக்கச் செய்தோம். திருகு மூடியைச் சுழற்றிக்கொண்டே உயர்த்த வேண்டும். அமுக்கு மூடியை நேராக இழுக்க வேண்டும். இரண்டுக்கும் பிடி வேறு. தெறிப்பைக் குறைக்க, முதலில் மிக மெதுவாகச் சிறிது உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, உள்ளே காற்றுப் புகுந்த பின்னரே முழுவதும் எடுக்கும்படி அமைத்தோம். முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. கழற்றிய மூடிகள் பக்கத்தில் ஒரு தட்டில் விழும். எல்லாரும் மகிழ்ந்தோம்.

அந்தத் தட்டுத்தான் எங்கள் பிழை.

சில வாரங்களின் பின், சிறுநீரக நோயாளர் ஒருவரின் காலை மாதிரியில் இன்னொரு சோதனையும் செய்யும்படி விடுதியிலிருந்து கேட்டார்கள். மீண்டும் பார்த்தபோது பொற்றாசியம் காலையில் இருந்ததைவிட உயர்ந்திருந்தது; கல்சியம் குறைந்திருந்தது. பொற்றாசியம் கூடினால் இதயம் நிற்கலாம். அந்தப் பெறுபேறு விடுதிக்குப் போயிருந்தால், தேவையற்ற சிகிச்சை உடனே ஆரம்பமாகியிருக்கும். விரல் வீங்கிய அதே தொழினுட்பவியலாளர்தான் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சீரத்தில் இலேசான செந்நிறம். சிவப்பு மூடி இருக்கவேண்டிய குழாயில் ஊதா மூடி. தட்டில் கலந்து கிடந்த மூடிகளில் ஒன்றை அவசரத்தில் யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதன் அடியில் இருந்த வேறொருவரின் குருதியும் பொற்றாசிய உப்பும் சீரத்தில் கலந்துவிட்டன.

அன்றிரவு தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, ரீச்சர் எங்களுக்கு என்ன சொல்லித் தந்தவ?" என்று கேட்டாள்.

1995 இடப்பெயர்வின் பின் 1996 இல் நாங்கள் கல்லூரிக்குத் திரும்பியபோது, ஆய்வுகூடத்தில் போத்தல்கள் ஓரிடம், கண்ணாடி மூடிகள் ஓரிடமாகக் கிடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு மூடியும் அதன் போத்தலுக்கென்றே தேய்த்துச் செய்யப்பட்டது. ஒன்றின் மூடி மற்றதற்குச் சரியாகப் பொருந்தாது. எங்கள் இரசாயனவியல் ரீச்சர் எங்களை நிலத்தில் இருத்தி, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வைத்தார். பிறகு அமிலம் ஊற்றப் பழக்கும்போது சொன்னார்: "பிள்ளையள், மூடியை மேசையில வைக்கப்படாது. விரலுக்கிடையில பிடிச்சுக்கொண்டே ஊத்தி, அதே போத்திலுக்கே போடவேணும்." அப்போது அது எங்களுக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது.

தட்டை எடுத்துவிட்டோம். இப்போது கருவியின் பிடி மூடியை விடுவதேயில்லை. குழாய்க்கு மேலே மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மாதிரி எடுத்து முடிந்ததும் அதே குழாய்க்கே மூடும். மூடி தவறி விழுந்தால் அதைக் கழித்துவிட்டுப் புதிய மூடிதான். பெரிய இயந்திரங்கள் பழைய மூடியை எறிந்துவிட்டு, அலுமினியத் தாளால் ஒட்டிவிடும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரு நேரத்தில் ஒரு குழாய்தான், ஆகவே வேகம் குறைவு. ஆனால் மூடி மாறவில்லை. அந்தப் பெருவிரலும் சுகமாகிவிட்டது.

இந்தக் கருவியைப் பாராட்டும்படி நான் கேட்கவில்லை. உங்கள் குருதிப் பெறுபேற்றுக்குப் பின்னால், நீங்கள் காணாத ஒருவரின் விரல்களும் கண்களும் இருக்கின்றன. அன்று நோயாளரைக் காப்பாற்றியது கருவியும் அல்ல, நானும் அல்ல. குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்தான். அடுத்த முறை பெறுபேறு தாமதித்தால், அவர்களோடு கோபிக்காதீர்கள்.

வெளிநாடுகளிலும் உள்நாட்டிலும் உள்ள பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஆய்வுகூடத்துக்கு ஒதுக்குங்கள். இங்குள்ள பிள்ளைகள் பரிசோதனையைப் படத்தில் பார்த்தல்ல, கையால் செய்து படிக்கவேண்டும். இந்தப் பழக்கம் கையால்தான் வரும்.

ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், மூடியை நாங்கள் ஒருமுறை மேசையில் வைத்துவிட்டோம். இனி வைக்கமாட்டோம்.